கேட்ட பாடம் கிடைக்க நாங்கள் பட்ட பாடு

கல்லூரிக் கையேட்டில் அச்சாகும் பாடங்கள் வேறு, டைம்டேபிளில் வரும் பாடங்கள் வேறு. தமிழ்நாட்டில் கலை அறிவியல் கல்லூரியில் படித்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஏன் அப்படி, யார் முடிவு செய்கிறார்கள், எந்த மாதத்தில் முடிவு செய்கிறார்கள் என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் பதில் வராது. "மேனேஜ்மென்ட்", "ஹெச்.ஓ.டி." என்று பொத்தாம்பொதுவாக ஏதாவது சொல்வார்கள். மாணவியாக நான் இதில் முட்டி மோதியிருக்கிறேன். இப்போது ஒரு சுயநிதிக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். யாருக்கு எந்தப் பாடம், வாரத்துக்கு எத்தனை மணி என்று காட்டும் வொர்க்லோடு ஸ்டேட்மென்ட்டைத் துறைக்குப் போடும் வேலையும் என் தலையில்தான் விழுகிறது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டதால் எழுதத் தோன்றியது.

நான் 2016-ல் சேர்ந்தது பி.எஸ்ஸி. கணிதம். தென்மாவட்டத்தில், அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி, அதாவது பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் கல்லூரி. எம்.எஸ்ஸி. புள்ளியியல் படிக்க வேண்டும் என்று அப்போதே ஆசை. பி.எஸ்ஸி.யிலேயே புள்ளியியல் எடுக்கலாம்தான், ஆனால் அது இருந்த கல்லூரிகள் எங்கள் ஊரிலிருந்து தூரம், ஹாஸ்டலுக்கு வீட்டில் சம்மதம் இல்லை. "மேத்ஸ் எடு, அல்லைட்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கும், அது போதும்" என்று பள்ளிக் கணக்கு டீச்சர் சொன்னார். மேஜர் எனப்படும் முதன்மைப் பாடத்தோடு வேறு துறையிலிருந்து படிக்கும் துணைப் பாடம்தான் அல்லைட். அவர் சொன்னதில் தப்பில்லை. எம்.எஸ்ஸி. புள்ளியியலுக்குப் பல இடங்களில் கேட்கும் தகுதி இதுதான்: பி.எஸ்ஸி. புள்ளியியல், அல்லது புள்ளியியலை அல்லைடாகப் படித்த பி.எஸ்ஸி. கணிதம். கல்லூரிக் கையேட்டிலும் அல்லைட் என்ற தலைப்பின் கீழ் இயற்பியல், வேதியியல், புள்ளியியல் மூன்றும் இருந்தன.

முதல் வாரம் டைம்டேபிள் ஒட்டினார்கள். கிழமைக்குப் பதிலாக டே ஆர்டர் ஒன்று முதல் ஆறு வரை, நாளுக்கு ஐந்து மணி நேரம், ஆக முப்பது. தமிழ் ஆறு, ஆங்கிலம் ஆறு, மேஜர் பத்து, சுற்றுச்சூழல் கல்வி இரண்டு, அல்லைட் ஆறு. அந்த ஆறு கட்டத்திலும் இயற்பியல். வகுப்பில் அறுபது பேருக்கும் அதேதான்.

துறைத்தலைவரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், விரட்டவில்லை. "அது சிலபஸ்ல இருக்கும்மா, நாம எடுக்கிறதில்ல. இந்த வருஷம் ஃபிசிக்ஸ், அடுத்த வருஷம் கெமிஸ்ட்ரி. இருபது வருஷமா அப்படித்தான்" என்றார்.

ஏன் இருபது வருடமாக அப்படி என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. எங்கள் கிளாஸ் டியூட்டர் சார்தான் ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் உட்காரவைத்து, தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் விதிப்படி ஓர் உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்றால் 14. அரசு உதவி பெறும் கல்லூரியில் ஒரு துறைக்கு எத்தனை பணியிடம் என்பது இந்த மணிக்கணக்கை வைத்துத்தான் நிற்கிறது. அல்லைட் வேதியியலில் தியரி நான்கு மணி, பிராக்டிக்கல் இரண்டு மணி. அறுபது பேரையும் ஒரே நேரத்தில் லேபில் நிறுத்த முடியாது, இரண்டு பேட்ச். அதற்கு இரண்டு ஆசிரியர். ஆக மாணவிக்கு ஆறு மணியாகத் தெரிவது துறைக்கு எட்டு மணி. கணித வகுப்பு ஒன்று, இயற்பியல் வகுப்பு ஒன்று என இரண்டு இடத்தில் அல்லைட் வேதியியல் நடந்தால் பதினாறு. "ஒரு ஆளோட முழு வேலை இது. நீங்க வேணாம்னு சொன்னா அங்க ஒரு போஸ்ட் ஆடும்" என்றார் சார்.

இன்னொரு முடிச்சும் இருந்தது. வேதியியல் மாணவர்களுக்கு அல்லைட் கணிதம் நடத்துவது எங்கள் துறை. நாங்கள் வேதியியலை விட்டால், அவர்கள் கணிதத்தை விட்டுவிட்டுத் தாவரவியலையோ விலங்கியலையோ எடுத்துக்கொள்ளலாம். அப்போது எங்கள் துறையில் மணி நேரம் குறையும். பண்டமாற்று மாதிரி ஒரு ஏற்பாடு. யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை, ஆனால் எந்தத் துறைத்தலைவரும் அதைக் கலைக்க மாட்டார்.

இதைத் தெரிந்துகொண்டதும் கோபம் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். என் எம்.எஸ்ஸி. கனவுக்கும் வேறொரு துறையின் பணியிடத்துக்கும் முடிச்சுப் போட்டால் எந்த மாணவிக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? ஆனால் எங்கே தள்ளினால் நகரும், எங்கே தள்ளினால் நகராது என்பது புரிந்தது. அல்லைட் நகராது. அதன் பின்னால் இரண்டு துறைகள் நிற்கின்றன. மேஜர் எலெக்டிவ், அதாவது முதன்மைப் பாடத்துக்குள்ளேயே சில பேப்பர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, நகரும். அது சொந்தத் துறைக்குள் நடப்பது. எந்தப் பேப்பரை எடுத்தாலும் துறையின் மணி நேரம் துறையிலேயேதான் இருக்கும்.

இதைப் படிக்கும் மாணவர்கள் தங்கள் பாடத்திட்டத்தை எடுத்துவைத்துப் பார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: வேண்டிய பாடம் எந்த வகையில் வருகிறது, அதை மாற்றினால் யாருடைய மணி நேரம் குறையும். மேஜர் என்றால் கிட்டத்தட்ட கல்வெட்டு. அல்லைட் என்றால் துறைகளுக்குள் பேச்சுவார்த்தை. எலெக்டிவ் என்றால் நடத்த ஓர் ஆசிரியரும் கேட்கப் போதுமான தலைகளும் இருந்தால் வழி உண்டு. 2023-ல் மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் வந்தபின் அல்லைட் இருந்த இடத்தில் ஜெனெரிக் எலெக்டிவ் என்று வருகிறது. நான் பார்த்த டைம்டேபிள்களில் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் பழைய துறையேதான் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் பாடத்திட்டத்தில் ஐந்தாம் செமஸ்டரில் ஒரு மேஜர் எலெக்டிவ். தாளில் மூன்று விருப்பம்: ஆபரேஷன்ஸ் ரிசர்ச், கிராஃப் தியரி, மேத்தமேட்டிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். நடந்தது எப்போதும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச். நோட்ஸ் தயாராக இருந்தது, தேர்ச்சி விகிதமும் நன்றாக இருந்தது. மாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

இங்கேதான் எந்த மாதம் என்ற கேள்வி வருகிறது. எலெக்டிவ் பற்றி மாணவர்களிடம் "என்ன எடுக்கலாம்?" என்று கேட்பது ஜூன் மாதம் கல்லூரி திறந்த பிறகு. ஆனால் அடுத்த ஆண்டு யாருக்கு எந்தப் பேப்பர் என்பது அதற்கு முந்தைய பிப்ரவரி, மார்ச்சிலேயே வொர்க்லோடு ஸ்டேட்மென்ட்டில் ஏறிவிடும். ஜூனில் கை தூக்கச் சொல்வது வெறும் சம்பிரதாயம். எனக்கு முந்தைய செட்டில் இரண்டு அக்காக்கள் ஜூனில் போய்க் கேட்டு, "இப்ப வந்து சொல்றீங்களே, அலாட்மென்ட் முடிஞ்சிருச்சே" என்ற பதிலோடு திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான்காம் செமஸ்டர் தொடங்கிய ஜனவரியிலேயே நாங்கள் வேலையை ஆரம்பித்தோம்.

முதலில் ஆசிரியர். எங்கள் துறையில் மேனேஜ்மென்ட் சம்பளத்தில் ஒரு மேடம் இருந்தார், எம்.ஃபில்.லில் நிகழ்தகவு செய்தவர். அவரிடம் ரகசியமாகப் போய், "மேடம், இந்தப் பேப்பர் வந்தா நீங்க எடுப்பீங்களா?" என்று கேட்டோம். "குடுத்தா சந்தோஷமா எடுப்பேன். ஆனா நானா போய்க் கேட்க முடியாது, நான் இங்க ஜூனியர். நீங்க கேளுங்க" என்றார். இப்போது நானே அந்த இடத்தில் இருப்பதால் சொல்கிறேன்: எடுக்க ஆசைப்படும் ஆசிரியர் பெரும்பாலும் துறையில் யாராவது ஒருவர் இருப்பார், கேட்கும் அதிகாரம்தான் அவருக்கு இருக்காது. அவரை முதலில் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் துறைத்தலைவரிடம் போனால், அவர் கேட்கப்போகும் முதல் கேள்விக்குப் பதில் நம் கையிலேயே இருக்கும்.

அடுத்தது தலைகள். இரண்டு எலெக்டிவ் இணையாக நடத்த வேண்டுமென்றால் இரண்டு ஆசிரியர், இரண்டு வகுப்பறை. எங்கள் கல்லூரியில் அது நடக்கிற காரியமில்லை. அதனால் வகுப்பில் பெரும்பான்மை வேண்டும். எனக்குப் புள்ளியியல் பிடிக்கும் என்பதற்காக மற்றவர்கள் ஏன் தங்கள் மார்க்கைப் பணயம் வைப்பார்கள்? "ஓ.ஆர். ஈசிப்பா, சிம்ப்ளெக்ஸ் டேபிள் போட்டா பாதி மார்க் வந்துரும், இதை விட்டுட்டு எதுக்கு வம்பு?" என்றார்கள். நியாயமான கேள்வி. ஐஐடிகளில் எம்.எஸ்ஸி. சேர எழுதும் ஜாம் நுழைவுத் தேர்வில் மேத்தமேட்டிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று தனித்தாளே இருக்கிறது என்று பேசிப் பார்த்தேன். மூன்று பேர் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். வகுப்பைத் திருப்பியது, மாநில அரசு வேலைகளுக்குத் தேர்வு நடத்தும் டி.என்.பி.எஸ்.சி.தான். ஒருங்கிணைந்த புள்ளியியல் சார்நிலைப் பணிகள் என்று அப்போது ஒரு தேர்வு இருந்தது, உதவிப் புள்ளியியல் ஆய்வாளர் மாதிரி வேலைகளுக்கு. அந்த அறிவிப்பை ஜெராக்ஸ் எடுத்து வகுப்பில் சுற்றவிட்டாள் என் தோழி. அரசு வேலை என்ற இரண்டு சொல்லுக்கு எங்கள் ஊரில் இருக்கும் மரியாதையை நான் விளக்கத் தேவையில்லை. மதிய இடைவேளைக்குள் வகுப்பு பாதிக்கு மேல் எங்கள் பக்கம் வந்துவிட்டது.

பிறகு கடிதம். டியூட்டர் சார் இதில் கறாராக இருந்தார். "ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி பத்தி ஒரு வரி இருக்கக் கூடாது. கையேட்டுல போட்டு ஏமாத்திட்டீங்கங்கிற தொனி வரவே கூடாது. இந்தப் பேப்பர் ஏற்கனவே அப்ரூவ் ஆன சிலபஸ்ல இருக்கு, பேப்பர் கோட் இது, இத்தனை பேர் விரும்புறோம், அடுத்த ஆண்டு ஒதுக்கும்போது பரிசீலிக்கணும். அவ்வளவுதான்." பேப்பர் கோடு எழுதச் சொன்னது ரொம்ப நல்ல யோசனை. புதிதாக ஒரு பாடம் கொண்டுவர வேண்டுமென்றால் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் எனப்படும் துறையின் பாடத்திட்டக் குழு கூட்டம் போட வேண்டும், அதற்கு மேலே கல்லூரியின் கல்விக் குழுவான அகாடமிக் கவுன்சில் ஒப்புதல் தர வேண்டும்; ஓர் ஆண்டு ஓடிவிடும். ஏற்கனவே கோடு உள்ள பாடத்துக்கு அது எதுவும் வேண்டாம், துறைத்தலைவர் நினைத்தால் போதும். ஒரே பக்கம் கடிதம், பின்னால் இணைத்த தாளில் பெயர், பதிவு எண், கையெழுத்து. அதில் அலுவலக முத்திரையோடு ஒரு நகல் வாங்கி வைத்துக்கொண்டோம். எதற்கு என்று அப்போது தெரியாது, ஏப்ரலில் "கடிதமா, எந்தக் கடிதம்?" என்று பேச்சு வந்தபோது தெரிந்தது.

ஐந்தாம் செமஸ்டரில் மேத்தமேட்டிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நடந்தது. மேடம்தான் எடுத்தார். தேர்ச்சி விகிதம் கொஞ்சம் குறைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எங்களை நம்பி வந்த சிலருக்கு மார்க் அடி வாங்கியது. அவர்களில் ஒருத்தி இன்றும் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவாள்.

இடையில் ஒரு சின்ன விஷயம், என்.எம்.இ. எனப்படும் நான்-மேஜர் எலெக்டிவ். பள்ளியில் தமிழ் படிக்காமல் வந்தவர்களுக்கும் கல்லூரியில் பகுதி ஒன்றில் வேறு மொழி எடுத்தவர்களுக்கும் அந்த நேரத்தில் தமிழ் வகுப்பு. மற்றவர்கள் வேறு துறையில் ஒரு பாடம் எடுக்கலாம். வாரம் இரண்டு மணி, இரண்டு கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் புள்ளி). வராந்தாவில் ஒரு மேசை போட்டு, துறை வாரியாக லாங் சைஸ் நோட்டு வைத்திருப்பார்கள். கணினித் துறை நோட்டு பத்து நிமிடத்தில் நிரம்பிவிடும். கடைசியில் வந்தவர்களுக்கு எது காலியோ அது. பொருளியல் துறை அடிப்படைப் புள்ளியியல் வைத்திருந்தது, அதில் பெயர் எழுதினேன். சராசரி, இடைநிலை, முகடு என்று பள்ளிப் பாடம்தான். தகுதிக்கு உதவாது என்று தெரிந்தும் எடுத்தேன், நேரம் வீணாகவில்லை. நோட்டு எந்த நாள் எந்த மணிக்கு வைப்பார்கள் என்பதைத் துறை ஆபீஸ் உதவியாளரிடம் கேட்டு வைப்பது நல்லது. அவருக்குத் தெரியாத விஷயமே கல்லூரியில் கிடையாது.

ஒரே ஒரு எலெக்டிவ் பேப்பரை வைத்து "அல்லைடாகப் படித்தவர்" என்று சொல்ல முடியுமா? அல்லைட் என்றால் பொதுவாக இரண்டு செமஸ்டர் ஓடும். அதனால் இன்னொரு பக்கமும் வேலை செய்தோம்: என்.பி.டி.இ.எல்.

ஐஐடிகளும் ஐ.ஐ.எஸ்ஸி.யும் சேர்ந்து நடத்தும் இந்த இணையவழிப் பாடங்கள் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஜனவரி, ஜூலை என்று வருடம் இரண்டு முறை திறக்கும். சேர்வது, வீடியோ பார்ப்பது, அசைன்மென்ட் போடுவது எல்லாம் இலவசம். தேர்வு எழுதினால்தான் சான்றிதழ், அதற்குத்தான் கட்டணம். பல ஆண்டுகள் பாடத்துக்கு 1000 ரூபாயாக இருந்தது, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அதில் பாதி. நான்கு வாரப் பாடத்துக்கு ஒரு கிரெடிட், எட்டு வாரத்துக்கு இரண்டு, பன்னிரண்டு வாரத்துக்கு மூன்று. நான் எடுத்தது பன்னிரண்டு வார நிகழ்தகவு, புள்ளியியல் பாடம். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. பன்னிரண்டு அசைன்மென்ட்டில் சிறந்த எட்டை எடுத்துக்கொள்வார்கள், ஆகவே இன்டர்னல் தேர்வு வாரத்தில் ஒன்று இரண்டு விட்டுப்போனால் பதற வேண்டாம். சான்றிதழ் வாங்க அசைன்மென்ட்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். தேர்வு நேரில் போய் எழுதுவது. பதிவு செய்யும்போதே ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அப்பா கூட வந்து திரும்ப வேண்டும் என்பதால் மதுரையைப் போட்டேன்.

வீடியோவில் பேராசிரியர் பேசும் ஆங்கிலம் தமிழ்வழியில் படித்துவந்த எனக்கு முதல் இரண்டு வாரம் காதில் ஏறவே இல்லை. எழுத்துப்படியை முதலில் வாசித்துவிட்டு, பிறகு வீடியோ பார்த்தேன். கணக்குப் போடும் இடம் வந்தால் நிறுத்திவிட்டு நானே போட்டுப் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் அரைமணி வீடியோவுக்கு ஒன்றரை மணி ஆகும். மூன்று பேர் சேர்ந்து பதிவு செய்திருந்தோம். புதன் இரவு அசைன்மென்ட் கெடுவுக்கு முன்னால் போனில் அடிதடியே நடக்கும். தனியாகச் சேர்ந்திருந்தால் நான்காவது வாரத்தோடு விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சான்றிதழ் வாங்குவது ஒரு பாதி, அதை மதிப்பெண் பட்டியலில் ஏற்றுவது மறுபாதி. யு.ஜி.சி. 2016-லேயே விதி போட்டிருந்தது, ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுக்கலாம் என்று. 2021-ல் அதை 40 சதவீதம் ஆக்கினார்கள். ஆனால் விதி இருப்பதால் மட்டும் நம் கல்லூரியில் நடந்துவிடாது. கல்லூரியின் அகாடமிக் கவுன்சில் அதை ஏற்றுத் தீர்மானம் போட்டிருக்க வேண்டும், எந்தப் பாடத்துக்குப் பதிலாக எது என்று துறை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் அப்போது அந்தத் தீர்மானம் இல்லை. விதியைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு முதல்வரைப் பார்த்தோம். பாடத்துக்குப் பதிலாக முடியாது, கூடுதல் கிரெடிட்டாக வேண்டுமானால் போடலாம் என்றார். அதுவே எங்களுக்குப் போதும். தேர்வுகளைக் கவனிக்கும் கன்ட்ரோலர் ஆபீஸில் சான்றிதழ் நகல், துறைத்தலைவர் கையெழுத்து, விண்ணப்பம் எல்லாம் கொடுத்து, ஆறாம் செமஸ்டர் பட்டியலில் கடைசி வரியாக அது வந்தது. தேர்வு முடிவும் சான்றிதழும் தேர்வு முடிந்தவுடனே வந்துவிடாது, வாரக்கணக்கில் ஆகும். கடைசி செமஸ்டரில் போய் என்.பி.டி.இ.எல். எழுதினால் பட்டியல் அச்சாகும்போது சான்றிதழ் கையில் இருக்காது. ஐந்தாம் செமஸ்டருக்குள் முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

இதே காலத்தில் எங்கள் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில், மதியம் ஒன்றரைக்கு மேல் நடக்கும் ஷிப்ட்டில், கணித மாணவிகளுக்கு அல்லைட் புள்ளியியல் நடந்துகொண்டிருந்தது. ஒரே வளாகம், ஒரே கட்டடம். அங்கே இயற்பியல் லேபுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம் என்பதற்காக அப்படி. காலை ஷிப்ட் மாணவி பதிவேட்டில் அங்கே சேர முடியாது. வகுப்பு எடுத்த மேடத்திடம் அனுமதி கேட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். அட்டெண்டன்ஸ் கிடையாது, மார்க் கிடையாது. படிப்பாக எனக்கு அதிகம் கைகொடுத்தது உண்மையில் அந்த வகுப்புதான். அரசு உதவி பெறும் பிரிவில் மாதக்கணக்கில் மன்றாடியும் கிடைக்காத பாடம், கூடுதல் கட்டணம் வாங்கும் பிரிவில் இயல்பாக நடந்துகொண்டிருந்தது என்பது இன்றைக்கும் எனக்குச் செரிக்காத விஷயம்.

அட்மிஷன் சமயத்தில் ஓரிடத்தில் விண்ணப்பத்தைப் பார்த்ததும் "அல்லைட் ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரிதானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்னோர் இடத்தில் துறைத்தலைவரையே பார்க்க முடிந்தது. மதிப்பெண் பட்டியலில் பேப்பர் பெயரை மட்டும் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. நான் சிலபஸ் நகலில் எங்கள் துறைத்தலைவர் கையெழுத்தும் சீலும் வாங்கிக் கொண்டுபோயிருந்தேன். அதை எடுத்து வைத்தேன். அந்தக் கல்லூரித் துறைத்தலைவர் மேடம் யூனிட் யூனிட்டாகப் பார்த்தார்: ரேண்டம் வேரியபிள், டிஸ்ட்ரிபியூஷன்கள், எஸ்டிமேஷன். பிறகு என்.பி.டி.இ.எல். சான்றிதழைப் பார்த்தார். இரண்டு கேள்வி கேட்டார், பாய்சான் பரவல் பற்றி ஒன்று, இன்னொன்று மறந்துவிட்டது. நுழைவுத் தேர்வு எழுதச் சொன்னார். இடம் கிடைத்தது.

எனவே இப்போது என்னிடம் வரும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை, அடுத்து என்ன படிக்கப்போகிறார்களோ அதற்கு மூன்று நான்கு கல்லூரிகளின் தகுதி வாசகத்தை அப்படியே எழுதிக்கொண்டு வரச்சொல்வது. புள்ளியியலுக்கு மட்டும் இந்தத் தலைவலி இல்லை. எம்.எஸ்ஸி. இயற்பியலுக்குக் கணிதம் அல்லைடாக வேண்டும் என்பார்கள். விலங்கியலோ தாவரவியலோ படித்துவிட்டு உயிர்வேதியியல் போக நினைப்பவர்களிடம் வேதியியல் எங்கே என்று கேட்பார்கள். வாசகம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு கல்லூரி கேட்பதை இன்னொரு கல்லூரி கேட்காது. மூன்றாம் ஆண்டு முடித்து விண்ணப்பம் நிரப்பும்போது இதைப் பார்த்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. முதலாண்டில் பார்த்தால் இரண்டு ஜனவரிகள் கையில் இருக்கும்.

ஆசிரியர் பக்கம் வந்தபின் தெரிந்த சில சங்கதிகளையும் சொல்லிவிடுகிறேன். தன்னாட்சிக் கல்லூரி என்றால் போர்டு ஆஃப் ஸ்டடீஸில் முன்னாள் மாணவர் ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது விதி. அவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுங்கள். நாங்கள் மீட்டிங்கில் சொன்னால் "பார்க்கலாம்" என்று போகும் விஷயம், வெளியிலிருந்து வந்த முன்னாள் மாணவி சொன்னால் மினிட்ஸில் ஏறும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்புறம் நாக், கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் தேசிய அமைப்பு. அந்தக் குழு பார்க்கும் முதல் அளவுகோலே பாடத்திட்டம்தான்: எத்தனை எலெக்டிவ், மாணவர் கருத்து வாங்கினீர்களா, வாங்கி என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். நாக் வரும் ஆண்டில் புதிய பாடம் கேட்கும் மாணவர்களுக்கு அலுவலகத்தில் நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். சிரிப்பாக இருந்தாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். செமஸ்டர் முடிவில் கருத்துப் படிவம் கொடுக்கும்போது எல்லாவற்றுக்கும் "மிக நன்று" என்று டிக் அடித்துவிட்டு ஓடாமல், வேண்டிய பாடத்தின் பெயரை எழுதுங்கள். நாற்பது படிவத்தில் ஒரே பெயர் வந்தால் அறிக்கை எழுதும் என்னைப் போன்றவர்கள் அதைத் தவிர்க்க முடியாது.

தன்னாட்சி இல்லாத, பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் சிலபஸில் கை வைக்க முடியாது. அங்கே உங்களுக்கு இருப்பது பட்டியலில் ஏற்கனவே உள்ள எலெக்டிவ்களும் ஸ்வயமும்தான். அரசுக் கல்லூரிகளில் இன்னொரு சிக்கல், பல துறைகளில் கௌரவ விரிவுரையாளர்கள்தான் பெரும்பாலான வகுப்புகளை எடுக்கிறார்கள். இந்த ஆண்டு எலெக்டிவ் எடுத்தவர் அடுத்த ஆண்டு அதே கல்லூரியில் இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒருவரை மட்டும் நம்பித் திட்டம் போடாமல் ஸ்வயம் பாடத்தைத் துணைக்கு வைத்துக்கொள்வது அங்கே இன்னும் அவசியம்.

ஆசிரியர்கள் தரப்பில் ஒன்று. மாணவர் வந்து பாடம் கேட்டால் அது தன் மேல் சொல்லும் குறை என்று நினைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாதாடி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. டியூட்டர், எடுக்க விரும்பும் ஆசிரியர், ஆபீஸ் உதவியாளர் என்று சுற்றிப் போவதுதான் வேலைக்காகும். நேர்வழி நல்லதுதான், ஆனால் உங்களுக்கு இருப்பது மூன்று ஆண்டு.

எங்கள் கல்லூரியில் இந்த ஆண்டு பி.ஏ. பொருளியல் மாணவர்கள் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளோடு புள்ளியியல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கடிதம் ஜனவரியிலேயே வந்துவிட்டது, பேப்பர் கோடு, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எடுக்க நான் தயார், எனக்கு இரண்டு மணி நேரம் இடமும் இருக்கிறது. கம்ப்யூட்டர் லேப்தான் இழுபறி. நான்காம் டே ஆர்டரின் கடைசி மணி மட்டும் காலியாக இருக்கிறது, இன்னொரு மணி வேண்டும்; அதற்குக் கணினித் துறையின் ஒரு பிராக்டிக்கலை இடம் மாற்ற வேண்டும். அவர்கள் பதிலுக்கு என்ன கேட்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.